கவலை குறைந்த பறவை

பூவம் கிராமத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைச் சோதிக்கப் போனபோது, மூடிக்கிடந்த ஈமு பண்ணையின் காவலரைச் சந்தித்தேன். அவர் சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லை. எல்லாவற்றையும் அங்கே எஞ்சியிருந்த ஒரே ஈமு கொத்தித் தின்றுவிட்டதாம். பண்ணை கைமாறிவிட்டது, நாளை கறிக்கடைக்காரர் வருகிறார் என்பதை மட்டும் அதன் காதில் விழாமல் மெல்லச் சொன்னார்.

"அழியப்போற இனம்னா அறுக்கக் கூடாதாமே? போன்ல பாத்துச் சொல்லுங்கம்மா."

பார்த்தேன். "'கவலை குறைந்த இனம்'னு போட்டிருக்குண்ணே. ஆஸ்திரேலியாவுல நிறைய இருக்காம்."

"யாருக்குக் கவலை குறைச்சலாம்? பூவத்துல இது ஒண்ணுதாம்மா இருக்கு. ஊர் பேரப் போட்டுப் பாருங்க."

போட்டேன். ஒன்றும் வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.