விஷக் கூண்டுக்குப் போன எண்ணெய்

ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு எல்லாரும் வைத்த பெயர் எலி மாமா. கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தீனி வைப்பது எல்லாம் அவர்தான். வீட்டுக்குள் நுழைந்தாலே மனைவி மூக்கைப் பொத்துவாள்.

"நான் பூனையாப் பொறந்திருந்தா நமக்குப் பொருத்தம் அமோகமா இருந்திருக்கும்!"

அந்த வருஷம் ஒரு மாணவி ஆராய்ச்சிக்கு வந்தாள். கருஞ்சீரக எண்ணெய் ஈரலை விஷத்திலிருந்து காப்பாற்றுமா என்று அவள் பார்க்க வேண்டும். இடப்பக்கக் கூண்டு எலிகளுக்குத் தொண்டைக்குள் குழாய் விட்டு விஷம் மட்டும். வலப்பக்கத்துக்கு அதே விஷம், கூடவே எண்ணெய். முடிவில் இரண்டு பக்கத்து ரத்தத்தையும் ஒப்பிடுவாள்.

வலப்பக்கம் துள்ளி விளையாடியது. இடப்பக்கத்து எலிகள் மயிர் சிலிர்த்து மூலையில் சுருண்டு கிடந்தன. மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு கூண்டுக்கு உண்டு, பக்கத்துக் கூண்டுக்கு இல்லை என்றால் இது என்ன நியாயம்? குப்பியின் அடியில் மிஞ்சிய எண்ணெயை இடப்பக்கத் தீனியில் தடவினார். ஒரு நாள் இல்லை, தினமும்! எலிகள் மெல்லத் தேறின. மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மாணவி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு மாமா. விஷமே வேலை செய்யல. எண்ணெய் காப்பாத்துச்சுன்னு எத வச்சு சொல்றது? மூட்டை கட்ட வேண்டியதுதான்."

வாயைத் திறக்காவிட்டால் மாமாவின் வேலைக்கு ஆபத்தில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"விஷம் வேலை செஞ்சுதும்மா. நான்தான் இந்தப் பக்கமும் எண்ணெயத் தடவிட்டேன். பாவமா இருந்துச்சு."

"பாவமா! என் ஒரு வருஷம் போச்சே மாமா!" கத்தியவள், சட்டென்று குரல் உடைந்து சொன்னாள்: "இப்ப புதுசா எலி வாங்கணும். அதுங்களுக்கும் விஷம் குடுக்கணும். ஒரு கூண்டக் காப்பாத்தப் போயி இன்னொரு கூண்ட மாட்டிவிட்டுட்டீங்களே!"

இது அவர் யோசிக்கவே யோசிக்காத விஷயம்.

பேராசிரியரிடம் அவள், தீனி மாறிப்போய்விட்டது, மறுபடி செய்கிறேன் என்று மட்டும் சொன்னாள். மாமாவை மாட்டிவிடவில்லை! அதை நினைக்கும்போதே நமக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

புது எலிகள் வந்தன.

"இடப்பக்கத்த நான் பாத்துக்கறேன் மாமா. நீங்க வெளியில இருங்க."

"வேணாம்மா. உனக்குக் கை நடுங்குது. துள்ளுச்சுன்னா குழாய் தொண்டையக் கிழிச்சிடும்."

எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினார். முதல் எலியைத் தூக்கி, கழுத்து நேராக நிற்கும்படி உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டார். அதன் மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது.

"குடும்மா," என்றார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.