பன்னிரண்டு மணி வரை

“நாக்குக்கு அடியில வை. பேசாதே.”

சுருட்டை முடி நர்ஸ் தெர்மாமீட்டரைக் கவ்விக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. பச்சிளங்குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ் அந்த எண்ணை நம்பவில்லை. எதிரில் இருந்தவளின் மேலுதட்டைப் பார்த்தாள். வேர்த்திருந்தது.

“சுரம் எப்போ விட்டுச்சு?”

“முந்தாநேத்துக்கா.”

“மாத்திரை?”

“அன்னைக்கே நிறுத்திட்டேன்.”

“ஏசி இந்த ஓட்டம் ஓடுது. உனக்கு மட்டும் கோடை வெயிலா?”

ஃப்ளூ வந்தவர் மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் சுரமின்றி இருந்தால்தான் வார்டுக்குள் வரலாம். ஆறு மணிக்கு விழுங்கிய மாத்திரை எட்டு மணித் தெர்மாமீட்டரை ஏமாற்றிவிடும்; வேர்வையை ஏமாற்றாது. இருபத்தாறு வருடத்தில் தலைமை நர்ஸ் கற்றது இது. வீட்டில் கணவர் ஒன்றுமில்லை என்றாலும் அவர் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். “நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்” என்பார் அவர்.

“பன்னண்டு மணி வரைக்கும் இங்கயே உக்காரு.”

“அக்கா, இன்னும் ஒரு நாள் லீவு ஆச்சுன்னா என்னைத் தூக்கிருவாங்க. ஒப்பந்த வேலைக்கா.”

“உள்ள கெடக்கறதுங்க ஒண்ணரைக் கிலோ. அதுங்ககிட்டப் போய்ச் சொல்லு உன் ஒப்பந்தத்தை.”

பதினொன்றரைக்குச் சுருட்டைக்கு நடுக்கம் எடுத்தது. பன்னிரண்டுக்கு நூற்றிரண்டு.

“காலையில போட்டியா, இல்லையா?”

“போட்டேன்.” சுருட்டை துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “ஃப்ளூ லீவு முடிஞ்சு திங்கக்கெழம நீங்க திரும்பி வந்தீங்களே, உங்களை யாருக்கா பெஞ்சில உக்கார வெச்சா?”

தலைமை நர்ஸ் சுரம் விட்டுத் திரும்புவோர் பதிவேட்டைப் புரட்டினாள். தன் பெயருக்கு நேராக, பரிசோதித்தவர், திரும்பியவர் இரண்டு கட்டத்திலும் அவளுடைய கையெழுத்தே. திங்கள் காலை அவளும் ஒரு மாத்திரை போட்டிருந்தாள். தலைவலிக்கு. கணவரிடம் அப்படித்தான் சொன்னாள். தன் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் வியாழன். சுருட்டையின் மாத்திரை, தன் மாத்திரை இரண்டைப் பற்றியும் அவள் வார்டு மருத்துவரிடம் எழுதிக் கொடுத்தாள். சுருட்டையின் விடுப்பு வார்டு உத்தரவின்பேரில் எடுத்தது என்று பதிவானது, வேலை தப்பியது. தலைமை நர்ஸை விசாரணை முடியும்வரை மருந்துக் கிடங்குக்கு அனுப்பினார்கள். பதினான்கு குழந்தைகளுக்கும் நாலு மணி நேரத்துக்கொரு தரம் சுரம் பார்த்தார்கள். மாலையில் ஒரு குழந்தைக்கு மட்டும் தொண்ணூற்றொன்பது புள்ளி ஐந்து. திரும்பப் பார்த்தபோதும் அதேதான். குறித்துக்கொண்டார்கள்.