கார்த்திகையில் சஞ்சீவனி கண்ட இரட்டைகள்

என் மனைவி சஞ்சீவனியிடம் வானத்தைப் பற்றிக் கேட்டால், முதலில் தெருவிளக்கைப் பற்றித்தான் சொல்வாள். பதினேழு வருஷமாகக் கண்டி மாநகர சபையில் அவளுடைய வேலை அது. எந்த ரோட்டில் எந்த விளக்கு எரியவில்லை என்று சனங்கள் கொடுக்கும் முறைப்பாடுகளைப் பதிந்து, கம்பத்தில் ஏறுகிற பவாஸிடம் காலையில் பட்டியல் கொடுக்க வேண்டும்.

ஒரு விளக்கு அணைந்தால் ஒரு முறைப்பாட்டோடு நிற்காது. சிங்களத்தில் ஒருவர் புத்த விகாரையை வைத்து "பன்சலைக்குப் போகிற படிக்கட்டு" என்பார். தமிழில் ஒருவர் "அம்மன் கோயிலுக்குக் கீழ் வளைவு" என்பார். இரண்டும் ஒரே கம்பம். இரண்டாவதை மறுபதிவு என்று கோடு போட்டு நீக்காவிட்டால், பவாஸ் ஏணியை இரண்டு தரம் தூக்கிக்கொண்டு போய்வந்து, "என்ன மிஸ், எனக்கு நாலு கையா இருக்கு?" என்று நிற்பார். சஞ்சீவனி அதே ஊரில், மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். யார் எந்த மூலையை எப்படிச் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசித்த கையோடு கோடு போட்டுவிடுவாள்.

எனக்குப் பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் கடை. மழை வருமா என்று பார்ப்பதற்கு மட்டுமே நான் வானத்தை அண்ணாந்து பார்த்தவன்.

மூன்று வருஷத்துக்கு முன் வெளிநாட்டு ஆராய்ச்சிக் குழு ஒன்று, வானத்தின் படங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து இணையத்தில் போட்டு, பார்த்துக் குறித்துத் தர ஆட்களைக் கேட்டது. கார்த்திகை விரதம் பிடிக்கிறவள் இவள். படங்கள் கார்த்திகைக் கூட்டத்தினுடையவை என்று கண்டதும் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்துவிடுவாள். தேத்தண்ணி போடுவது என் பொறுப்பாயிற்று.

நம் கண்ணுக்குக் கார்த்திகையில் ஆறு நட்சத்திரம். உண்மையில் அங்கே ஆயிரத்துக்கு மேல் இருக்கிறதாம். எல்லாம் ஒரே மேகத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. பத்துக் கோடி வருஷத்துக்கு மேலாகிறது, ஆனாலும் நம் சூரியனோடு பார்த்தால் கைக்குழந்தைகள். கதிர்காமத்துக்கு நடந்து போகிற கூட்டம் போல எல்லாம் ஒரே பக்கம் நகர்கின்றன. அதில் சிலவற்றுக்குப் பாரம் போதவில்லை. நட்சத்திரமாகப் பற்றி எரிய முடியாமல், பிறந்தபோது இருந்த சூட்டோடு மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருக்கின்றன. பழுப்புக் குள்ளன் என்று பெயர். ஒரே இடத்தைப் பல வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பார்த்து, எந்த மங்கல் புள்ளி அந்தக் கூட்டத்தோடு நகர்ந்திருக்கிறது என்று குறிக்க வேண்டும்.

"என்ன, குள்ளன் கிடைச்சானா?" என்று நான் சீண்டுவேன். அவள் திரும்பியும் பார்க்க மாட்டாள்.

போன ஐப்பசியில் குழுத் தலைவியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'மற்ற எல்லோருடைய பகுதியிலும் சேர்ந்தே நகரும் இரட்டைப் புள்ளிகள் சில கிடைத்திருக்கின்றன. உங்கள் பகுதியில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அங்கே வானம் அப்படித்தானா? பெரிய தொலைநோக்கிக்கு அனுப்பும் பட்டியல் வியாழக்கிழமை முடிகிறது.'

சஞ்சீவனியின் முகம் வெளிறிப் போனது. எனக்கு விளங்கவில்லை. கேட்டேன்.

"பக்கத்துல பக்கத்துல ரெண்டு புள்ளி சேர்ந்தே நகர்ந்தா, ஒன்னுதான் ரெண்டு தரம் விழுந்திருக்குன்னு நெனச்சேங்க. ரெண்டாவத மறுபதிவுன்னு போட்டு நீக்கிட்டேன். ஆபீஸ்ல போடுற மாதிரியே. கை பாட்டுக்குப் போயிருச்சு."

"எத்தன?"

"முந்நூறுக்கு மேல."

நான் கடைக்காரன். வாயில் வந்ததைச் சொன்னேன். "வானம் அப்படித்தான்னு எழுதிரு. யாரு போய்ப் பார்க்கப் போறா?"

அவளுக்கு வந்த கோபத்தைக் கல்யாணமான நாளிலிருந்து நான் கண்டதில்லை. "யாரும் போய்ப் பார்க்க மாட்டாங்க. அதுதாங்க பயமா இருக்கு! இந்தப் பட்டியல்ல இல்லாட்டி இன்னம் எத்தன வருஷத்துக்கு அத யாரும் திரும்பிப் பார்ப்பாங்களோ. இருக்கிறத இல்லன்னு சொன்னது நானு."

அப்போதே பதில் எழுதினாள். பிழை தன்னுடையது என்றும், மூன்று வருஷ வேலையையும் நீக்கினாலும் சம்மதம் என்றும், வியாழன்வரை தவணை வேண்டும் என்றும். 'திரும்பப் பாருங்கள்' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

நாலு நாள் லீவு போட்டாள். நானும் கடையைப் பூட்டினேன். வெட்கம் ஒரு பக்கம், அவள் கண் சிவந்து கிடந்தது ஒரு பக்கம். நான் படத்தின் இலக்கத்தை வாசிப்பேன், அவள் திறப்பாள். முதல் நாள் முழுக்க, தொலைநோக்கிக் கண்ணாடியில் பட்டு ஒரே புள்ளி இரண்டாக விழுந்த வெறும் நிழல்கள். "பார்த்தியா, கோடு போட்டது சரிதானே" என்றேன். அவள் அடுத்த படத்தைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு படத்தில் அவள் விரல் நின்றது. இரண்டு மங்கல் புள்ளிகள். பழைய படத்திலும் இரண்டு, புதிய படத்திலும் இரண்டு, கூட்டத்தோடு ஒரே பக்கமாக நகர்ந்திருந்தன. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. வியாழன் முடிவதற்குள் பத்தொன்பது இரட்டைகள் பட்டியலில் ஏறின. தொலைநோக்கியில் நேரம் கிடைத்தது அந்தச் செவ்வாய்க்கிழமை இரட்டைக்கு மட்டும்.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் முடிவு வந்தது. ஒளியைப் பிரித்து வரைந்த ஒரு கோடு, ஓரிடத்தில் சின்னப் பள்ளம். லித்தியம் என்கிற உலோகத்தின் அடையாளமாம். நட்சத்திரமாக இருந்தால் இத்தனை காலத்தில் அதை எரித்துத் தீர்த்திருக்கும். இரண்டிலும் அது அப்படியே மிச்சம் இருந்தது. இரண்டுமே பழுப்புக் குள்ளர்கள். இவ்வளவு தூரம் தள்ளியிருந்தும் பிரியாமல் ஒன்றையொன்று சுற்றுகிற சோடிகள் மிக அபூர்வம் என்று அந்தத் தலைவி எழுதியிருந்தார்.

சஞ்சீவனி கதிரையில் உட்கார்ந்தபடியே அழுதாள். "நான் இல்லன்னு சொன்னப்பவும் அது அங்கேயே இருந்திருக்குங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்றைக்கு இரவு எட்டரை மணிபோல வெளியே கூட்டிக்கொண்டு போனாள். பனிமூட்டம் விலகியிருந்தது. உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே கார்த்திகை, ஒரு பிடி அளவு. நாம் பார்க்கிற அந்த வெளிச்சம் கண்டியில் ராஜாக்கள் இருந்த காலத்தில் புறப்பட்டதாம். அவள் என் கையைப் பிடித்து, கூட்டத்துக்குச் சற்று இடப்பக்கம் ஓர் இருட்டைக் காட்டினாள்.

"அங்கதான். கண்ணுக்கு ஒன்னும் தெரியாது. ஆனா இருக்கு."

பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அந்த இருட்டைப் பார்த்து, நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன்.