நாற்பத்திரண்டு சைஸில் ஒரு ஜோடி

காவேரிப்பாக்கம் ஏரியை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் பிறந்தவள் பூங்குழலி. பத்தாம் வகுப்பை முடிப்பதற்குள்ளேயே பெண்கள் செருப்பு எதுவும் அவள் காலுக்குப் போதாமல் போய்விட்டது. ஆற்காட்டுக் கடைக்காரர் பெட்டி பெட்டியாக இறக்கிப் பார்த்தார். கடைசியில் ஆண்கள் பக்கம் போய் ஒரு கறுப்புச் செருப்பை எடுத்துவந்து காலடியில் போட்டு, "ஆம்பள செருப்புதான், கரெக்டா இருக்கும் பாரும்மா" என்றார். அவர் சொன்னதில் கேலி இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது. கேலி செய்திருந்தால் உடனே திருப்பிக் கொடுத்திருப்பாள். அந்த விஷயத்தில் அவள் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை.

கேலிக்கும் ஒன்றும் பஞ்சமில்லை. ஐந்தடி பத்தங்குலம் வளர்ந்த பெண்ணை இந்த உலகம் சும்மா விடுமா? பள்ளியில் கடைசி பெஞ்சு, டவுன் பஸ்ஸில் மேல்கம்பி நெற்றியில் இடி, கட்டுகிற புடவையெல்லாம் கணுக்காலுக்கு மேலே. பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "பொண்ணு நல்லாத்தான் இருக்குது, கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது" என்றாள். "உங்க பையன்தான் கம்மியா இருக்கறாரு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. சம்பந்தம் அந்த நிமிடமே எழுந்து போய்விட்டது. அப்பா பெருமாள் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குப் பாடத்துக்கு இடம் கிடைக்காமல் புள்ளியியலில் சேர்ந்தாள். முதல் ஆண்டில் தேவானந்தம் சார் 'இயல்நிலைப் பரவல்' என்று பாடத்தின் தலைப்பை எழுதிவிட்டு, வகுப்பிலிருந்த பெண்களின் உயரத்தை ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொன்னார். கரும்பலகையின் அடியில் சென்டிமீட்டர் கணக்கில் ஒரு கோடு. ஒருத்தி உயரம் சொன்னதும் அந்த எண்ணுக்கு மேலே ஒரு பெருக்கல் குறி. குறிகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, இரண்டு பக்கமும் சரிந்து, சின்னக் குன்று மாதிரி வந்தன. வலது கோடியில், குன்றை விட்டு வெகுதூரம் தள்ளி, ஒரே ஒரு குறி நின்றது.

சார் சற்று விலகி நின்று பார்த்தார். "இது ஒண்ணு படத்தைக் கெடுக்குது" என்று சொல்லி, அதை உள்ளங்கையால் துடைத்தார். "இப்பப் பாருங்க, மணி மாதிரி எவ்ளோ அழகா இருக்குது."

வகுப்பே சிரித்தது. பூங்குழலி எழுந்தாள். "நான் எங்கயும் போகல சார். இங்கதான் இருக்கறேன்."

"உக்காரும்மா. இது சும்மா ஒரு உதாரணம்."

ஆசையாகப் படித்துத் தேறுகிறவர்கள் உண்டு, பயந்து படித்துத் தேறுகிறவர்களும் உண்டு. இவள் கோபத்தில் படித்தாள். தன்னை எந்த விதியைக் காட்டித் துடைத்தார்கள் என்று பார்ப்பதற்காக நூலகத்தில் போய் உட்கார்ந்தாள். எந்தப் புத்தகத்திலும் அப்படியொரு விதி இல்லை. இருந்தது வேறு. ஒரு பெண்ணின் உயரத்தை ஆயிரம் சின்னச் சின்னக் காரணங்கள் தீர்மானிக்கின்றன. அம்மா வழி, அப்பா வழி, சின்ன வயதில் சாப்பிட்ட சோறு, வந்த காய்ச்சல். சில மேலே தள்ளும், சில கீழே இழுக்கும். பெரும்பாலானவர்களுக்கு அவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் நடுவில் கூட்டம் சேர்கிறது. எல்லாமாகச் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளுவது அபூர்வம். அபூர்வம்தானே தவிர, தப்பில்லை. அளந்தது சரியாக இருந்தால் கோடியில் நிற்கும் புள்ளியும் புள்ளிதான்.

இன்னொன்றையும் படித்தாள். அந்த மணி வளைவு இரண்டு பக்கமும் தாழ்ந்து தாழ்ந்து போகுமாம், ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் அடிக்கோட்டைத் தொடவே தொடாதாம். கோட்டுக்கும் வளைவுக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கும். அந்த இடுக்கில்தான் தான் நிற்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

படிப்பு முடிந்ததும் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பிளானிங் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கே முதல் வாரமே அந்த மணியை மறுபடி பார்த்தாள். வெளிநாட்டுக்குப் போகும் பெண்கள் ஷூ ஒரு கார்ட்டனுக்குப் பன்னிரண்டு ஜோடி. முப்பத்தேழு சைஸில் ஒன்று, முப்பத்தெட்டில் இரண்டு, முப்பத்தொன்பதும் நாற்பதும் மும்மூன்று, நாற்பத்தொன்றில் இரண்டு, நாற்பத்திரண்டில் ஒன்று. யாரோ முகம் தெரியாத ஜெர்மன்காரிகளின் பாதங்கள், குன்று மாதிரி ஏறி இறங்கி, அட்டைப் பெட்டிக்குள் அடங்கியிருந்தன.

போன வருஷம் அப்படி ஒரு ஆர்டர் ரத்தானது. தைத்து முடித்த ஷூவெல்லாம் கிடங்கில் கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை வேறொரு வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது. மேனேஜர் செல்வகுமாருக்கு ஒரு யோசனை உதித்தது: பெண் தொழிலாளிகள் எல்லோருக்கும் அந்த ஷூவையே கொடுத்துவிடலாம், வருகிறவர்கள் பார்த்தால் பெருமையாக இருக்கும். பிரிப்பதும் சுலபம். பன்னிரண்டு பேருக்கு ஒரு கார்ட்டன். ஷூ போடாதவர்களுக்குக் கேட்டுக்குள் அனுமதி இல்லை.

பூங்குழலிக்கு ஒரு நாற்பத்திரண்டு கிடைத்தது. கால் உள்ளே போயிற்று. குதிகால் உட்கார்ந்தது. விரல்கள் மடங்காமல் நீண்டு படுத்தன. இருபத்தாறு வயதில் முதல்முறையாக, பெண்கள் ஷூ ஒன்று அவளுக்குச் சரியாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல மூன்று முறை வராந்தாவில் நடந்தாள். ஒரு முறைகூடத் தண்ணீர் குடிக்கவில்லை.

ஷூ தைக்கும் லைன்களில் கதை வேறு. நம் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் முப்பத்தாறு, முப்பத்தேழு. கார்ட்டனில் அந்தச் சைஸே ஒன்றுதான், அதற்கும் அடிதடி. முந்தியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தையல் பிரிவில் இருக்கும் மஹ்பூபிக்கு முப்பத்தைந்துகூட லூஸாக இருக்கும். வரிசையில் கடைசியாக வந்த அவளுக்கு நாற்பத்தொன்று. கழிவுத் துணியை உள்ளே அடைத்துப் போட்டு நடந்தவள், இரண்டாம் நாள் மாடிப்படியில் கால் புரண்டு விழுந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது.

பூங்குழலி நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். செல்வகுமார் கணக்குத் தெரியாதவர் இல்லை. "உலகம் பூரா கால் அப்படித்தானம்மா. நடுவுல ஜாஸ்தி, ஓரத்துல கம்மி. நீ படிச்சதுதானே?"

"மணி ஒண்ணுதான் சார். தொங்கற எடம் வேற. அவங்க ஊர்ல நாப்பதுகிட்ட தொங்குது, நம்ம ஊர்ல முப்பத்தாறுகிட்ட."

"தெரியும்" என்றார் அவர், சாவகாசமாக. "திங்கட்கிழமை போகட்டும், பாக்கலாம். உனக்குத்தான் கரெக்டா இருக்குதே, உனக்கு இன்னா பேஜாரு?"

அந்தக் கேள்விதான் அவளைக் கிளப்பிவிட்டது. தெரியாமல் செய்தவரிடம் விளக்கலாம். தெரிந்தே செய்தவரிடம் என்ன விளக்குவது?

சாப்பாட்டு நேரத்தில் லாரி நிற்கும் முற்றத்தில் சாக்கட்டியால் நீளமாக ஒரு கோடு இழுத்து, முப்பத்திநான்கிலிருந்து நாற்பத்திரண்டு வரை எழுதி, பெண்களையெல்லாம் கூப்பிட்டாள். "அவங்கவங்க காலு இன்னா சைஸோ அங்க போய் நில்லுங்க. கொடுத்த ஷூவைக் கழட்டி, அதோட நம்பர்ல கோட்டுக்கு அந்தப் பக்கம் வையுங்க."

முதலில் சிரித்தார்கள். பிறகு நின்றார்கள். ஐந்து நிமிடத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆட்களால் ஒரு குன்று, அந்தப் பக்கம் ஷூக்களால் ஒரு குன்று. ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். ஷூக்கள் குவிந்த இடத்தில் ஆள் இல்லை, ஆட்கள் குவிந்த இடத்தில் ஷூ இல்லை. செல்வகுமார் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்திரண்டில் பூங்குழலி ஒருத்திதான், கல்லூரிக் கரும்பலகையில் நின்ற அதே மாதிரி. குனிந்து தன் ஷூவின் வாரை அவிழ்த்தாள்.

"நீ போட்டுக்கோம்மா" என்றாள் மஹ்பூபி, நொண்டியபடி முப்பத்திநான்கில் நின்று. "உனக்குத்தான் சரியா இருக்குதே."

"உங்களுக்கும் சரியா வரட்டும்க்கா." ஷூவைக் கழற்றி வரிசையில் வைத்தாள். வைக்கும்போது மனசு வலித்தது. வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை உள்ளங்காலைச் சுட்டது. மாடியை நிமிர்ந்து பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "திங்கட்கிழமையும் இப்படித்தான் சார் நிப்போம்!"

திங்கட்கிழமைக்குள் ரப்பர் செருப்பு போட அனுமதி வந்தது. புது ஷூ தைக்கவும் மேலிடம் ஒப்புக்கொண்டது. பழைய லாட் சென்னை வியாபாரிக்குப் போயிற்று. கார்ட்டனில் ஒரு ஜோடி குறைந்தாலும் எடுக்கமாட்டேன் என்றான் அவன். பூங்குழலியின் ஜோடியும் அதோடு போய்விட்டது.

புது அளவுகளைப் பிளானிங் அறையின் வெள்ளைப் பலகையில் அவளே எழுதினாள். முப்பத்திநான்கில் தொடங்கி, முப்பத்தாறில் உச்சிக்கு ஏறி, முப்பத்தொன்பதில் இறங்கியது. கொஞ்சம் இடம் விட்டு, கோடியில், நாற்பத்திரண்டு: ஒன்று.

செல்வகுமார் வந்து பார்த்தார். "எல்லாம் ஓகே. இந்த ஒரு ஜோடிக்காக லைனை ஓட்ட முடியாது. நீ வெளிய வாங்கிக்கோ. ஆம்பள ஷூ கரெக்டா இருக்கும்." சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் நாற்பத்திரண்டைத் துடைத்தார்.

பூங்குழலிக்குக் காது மடல்வரை சூடேறியது. மறுபடி எழுதினாள். அவர் மறுபடி துடைத்தார்.

"அந்த சைஸுக்கு அச்சுக் கட்டை நம்ம கிடங்குலயே இருக்குது சார். தோலு இருக்குது. தைக்கறதுக்கு மஹ்பூபிக்கா இருக்கறாங்க. கோடியில நிக்கறவளும் இங்கதான் வேலை செய்யறா."

"நீ விடவே மாட்டியா?"

"மாட்டேன் சார்."

மேஜையில் கார்ட்டன் மேல் எழுதும் மார்க்கர் கிடந்தது. மழையில் நனைந்தாலும், கப்பலில் கடல் தாண்டினாலும் அழியாத மை. அதை எடுத்து, கோடியில் அதே இடத்தில், கொட்டை எழுத்தில் எழுதினாள்: 42 – 1.

அவர் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால். பிறகு ஆர்டர் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இன்று அவள் அந்த ஷூவில்தான் வேலைக்கு வருகிறாள். பிளானிங் அறைப் பலகையில் வாரத்துக்கு வாரம் ஆர்டர் மாறுகிறது, எண்கள் அழிகின்றன, புதிதாக ஏறுகின்றன. வலது கோடியில் இருக்கும் நாற்பத்திரண்டு மட்டும் அப்படியே இருக்கிறது.