பம்பாய் – நியூயார்க்: எத்தனை மணி நேரங்க?

விமான டிக்கெட் எழுதுகிறவள் விமானத்தில் ஏறியிருப்பாள் என்று நம்புவது, பந்தி பரிமாறுகிறவர் மாப்பிள்ளைக்கு மாமன் என்று நம்புவது மாதிரி. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அவதிப்படும் என்னைப் போன்றவர்களுக்கு இது தெரியும். காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸில் எனக்கு வேலை. கான்வென்ட் இங்கிலீஷுக்காக எடுத்தார்கள். என் கணவர் நியூயார்க்கில். எட்டு மாதப் பாப்பாவை அவர் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர வேண்டும். எனக்கோ மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாவிட்டாலே தலை சுற்றும். பாப்பா தூங்கிவிட்டாள், எழுதுகிறேன்.

டிரைவர் பக்கத்து சீட்

மகனைப் பார்க்கப் போகும் அன்னூர்க்காரர் ஒருவர், லாரி வைத்திருப்பவர், "ஏனுங்க அம்மணி, நியூயார்க் எத்தனை கிலோமீட்டருங்க?" என்றார். பன்னிரண்டாயிரத்துக்கு மேல், நடுவில் லண்டனில் மட்டும் நிற்கும் என்றேன். முகம் வாடிவிட்டது. சன்னலோர சீட் கேட்கட்டுமா என்றேன்.

"சன்னல் வேண்டாங்க. டிரைவருக்குப் பக்கத்துல போட்டுருங்க. ராத்திரியில தூங்கிப்போட்டான்னா வம்புங்க, நான் பேச்சுக் குடுத்துட்டே போறேன்."

பின்னால் ஓடும் கடிகாரம்

போகும்போது கிளம்பின தேதியிலேயே இறங்கலாம், அங்கே கடிகாரம் நம்மைவிட ஏறக்குறைய பத்து மணி நேரம் பின்னால் என்று படம் போட்டு விளக்கினேன். மகள் பிரசவத்துக்குப் போகும் பல்லடத்து அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாஞ் சரி கண்ணு, கடியாரம் இத்தனை பின்னால ஓடுதுன்னு அந்த ஊர்ல ஒருத்தருகூடவா ரிப்பேருக்குக் குடுக்கல?"

முன்னமே கிளம்பியாச்சு

வெள்ளிக்கிழமை பதினொரு மணி விமானம், ராகுகாலம். அதனால் பீளமேட்டுத் தம்பதி, புதன்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜைக்கடியில் வைத்துவிட்டார்கள். பரஸ்தானம்! பெட்டி வீட்டைவிட்டு நல்ல நேரத்தில் புறப்பட்டுவிட்டால், ஆள் எப்போது புறப்பட்டாலும் தோஷமில்லை.

வியாழக்கிழமை வீட்டுக்காரர் மட்டும் மறுபடி வந்தார். வேட்டியெல்லாம் பெட்டிக்குள்ளே. பெட்டியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனால் பயணம் கெட்டுவிடுமாம். எங்கள் பின்னறையிலேயே மாற்றிக்கொண்டார். சங்கடத்தை மறைக்க, "எல்லாம் சேர்த்து ஒரு நாள் பயணந்தாங்க" என்றேன்.

"ஒரு நாளா? நேத்தே கிளம்பிட்டமுங்க, இன்னும் உங்க ஆபீசையே தாண்டலை!"

மடி சீட்டு

கடைசியில் என் டிக்கெட். மூன்று முறை தேதி மாற்றினேன். முதலில் பாப்பாவுக்குச் சளி, அப்புறம் மழை, மூன்றாவதற்குக் காரணமே கிடைக்கவில்லை. "இப்படியே போனா பாப்பா நடந்தே வந்துருவா போலிருக்கே" என்றார் என் கணவர் போனில். சிரித்தார், குரல் சிரிக்கவில்லை.

நேற்று, பக்கத்து மேஜை ஸ்டெல்லாவிடம் நாலாவது முறையும் மாற்றச் சொன்னேன். மடியில் குழந்தை, ஒரு முழு நாள். நடுவானில் வீறிட்டால் எங்கே இறங்குவது? அவள் டிக்கெட்டை என் கைப்பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"போடி! சன்னல்கூட இல்லாம உன் வயித்துல பத்து மாசம் உக்காந்து வந்தவ, மடியில ஒரு நாள் உக்கார மாட்டாளா? பயம் உனக்கு, பழி புள்ளை மேலயா?"

ஆக, டிக்கெட் எழுதுகிறவளுக்குத்தான் தூரம் கிலோமீட்டரில். அடுத்த வாரம் ஏறப்போகிறவளுக்கு அது கான்வென்ட் மாதாவும் எங்கள் ஊர் கோனியம்மனும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டிய காவல் டூட்டி.