அக்காவின் இலையில் என்ன வைப்பது?

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தங்கை எழுதுவது. அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், வேலையை விட்டு, சிலர் கப்பலேறி, போர்ட் பிளேர் லம்பா லைனில் அக்கா வாழ்ந்த வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். அக்காவின் பொறுமை, தியாகம், சிரித்த முகம் எல்லாவற்றையும் அண்ணன் இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் எழுதிவிட்டார். எனக்கு இட்ட வேலை வேறு. "அக்காவோட காலை நாஷ்டா ஐட்டம் எல்லாத்தையும் போட்டுடு. வேலைக்குப் போற வீட்டுக்கும் புள்ள பெத்தவளுகளுக்கும் யூஸாகும்" என்றார். செத்த பிறகும் அக்காவுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை இல்லை என்று அன்றைக்கே புரிந்துகொண்டேன்.

அக்கா பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். நடை பழகிய வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். அண்ணனும் நானும் அங்கே பிறந்தவர்கள். ரப்பர் மரத்தை வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் இறங்கும். அதனால் அப்பாவும் அம்மாவும் விடியுமுன்பே கத்தியும் வாளியுமாகக் கிளம்பிவிடுவார்கள். அடுப்பு அக்காவிடம் வந்தது. முக்காலியில் ஏறி நின்று ரொட்டி சுட்ட பிள்ளை என்று அண்ணன் பெருமையாக எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட மணி அடித்தபோது அந்தப் பிள்ளையின் கை மாவுக்குள் இருந்தது என்பதை எழுத அவருக்குப் பக்கம் போதவில்லை போலும்.

கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன். தேங்காய் ரொட்டிக்கு இரண்டு பங்கு கோதுமை மாவு, ஒரு பங்கு துருவிய தேங்காய், உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, சற்று நேரம் மூடி வைத்து, வாழையிலையில் தட்டிக் கல்லில் போட வேண்டும். அடை போலத் தடிமனாக இருக்கட்டும். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு மூன்றையும் இடித்து எலுமிச்சை பிழிந்தால் சம்பல். பிள்ளை பெற்றவளுக்கு மிளகாயை நீக்கிவிட்டு முருங்கைக்கீரை சேர்க்க வேண்டும். மாவை முதல் நாளே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால் காலையில் ஆபீஸுக்கு ஓடுகிறவர்களுக்கும் முடியும்.

ஒன்றை மட்டும் யாரும் குறித்துக்கொள்ளச் சொல்லவில்லை. சுடச் சுடக் கல் காய்ந்துகொண்டே போகும். கடைசி ரொட்டி எப்போதும் கருகும். மாவும் குறைந்து சிறுத்துப் போயிருக்கும். அது சுட்டவளுக்கு. எங்கள் வீட்டில் அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை. எல்லோரும் எடுத்த பிறகு தட்டில் அது ஒன்றுதான் கிடக்கும், அவ்வளவுதான். அக்கா அதை நின்றபடியே டீயில் நனைத்து விழுங்குவார். பல நாள் அதையும் கோழிக்குப் போட்டுவிட்டு, "எனக்கு இப்ப பசியில்ல" என்பார். நாங்களும் பசியில்லை என்றே எடுத்துக்கொண்டோம். பந்திக்கு முந்துகிறவர்களுக்கு அடுத்தவர் பசி எங்கே தெரியப்போகிறது?

கல்யாணம் ஆகி அக்கா இந்த லம்பா லைன் வீட்டுக்கு வந்தார். அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. வீடு சின்னது, ஆனால் போர்ட் பிளேரில் இருந்தது. அதுதான் அக்கா செய்த தப்பு. கச்சாலிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் நம் பெண்கள் பிரசவத்துக்கு இங்கேதான் வர வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைப் பிள்ளையோடு வெளியே வந்தால், ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட் கிடைக்கும்வரை அக்கா வீடு. இதைப் படிக்கிற பெண்களில் பலர் அந்த முன்னறையில் படுத்திருந்தவர்கள். முதல் ரொட்டி பிள்ளை பெற்றவளுக்குத்தான், அதற்குப் பிறகுதான் அத்தானுக்கே. "பால் குடுக்கிறவ வயிறு காஞ்சா ரெண்டு உசுரு காயும்" என்பார் அக்கா.

உங்களுக்கு அவர் காய்ச்சிய பூண்டுக் கஞ்சியும் இதோ. ஒரு பிடி அரிசியைச் சிவக்க வறுத்து நொய்யாக உடைத்து, கொஞ்சம் பாசிப்பருப்பு, ஒரு முழுப் பூண்டு, அரைக் கரண்டி வெந்தயம் சேர்த்துக் குக்கரில் குழைய வேகவிட்டு, இறக்கியதும் தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டும். அரிசியை மொத்தமாக வறுத்து உடைத்து டப்பாவில் வைத்துக்கொண்டால் பச்சை உடம்புக்காரி தானே எழுந்தும் செய்துகொள்ளலாம். சும்மா சொல்லவில்லை. அக்காவுக்குப் பிள்ளைகள் பிறந்தபோது அம்மாவுக்குத் தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை. அப்போது யார் கஞ்சி காய்ச்சினார்கள் என்று அத்தானைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவளே எந்திரிச்சு செஞ்சுக்கிட்டா. அவ தைரியசாலி."

மூத்த மருமகள் வந்த பிறகு அவலும் சேர்ந்தது. அவலைக் கழுவி வடித்து, வாழைப்பழம், வெல்லம், தேங்காய்த் துருவல் போட்டுப் பிசைந்தால் முடிந்தது, அடுப்பே வேண்டாம். அதையும் அக்காதான் பிசைந்து டிபன் பாக்ஸில் அடைத்துக் கொடுத்தார் என்பது வேறு கதை. எல்லோரும் வெளியே போனதும் அக்கா பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை பறிக்கப் போவார். அந்த வீட்டு வங்காளி அம்மாவை அக்கா தீதி என்று கூப்பிடுவார், அவர்கள் பேச்சில் அக்கா. அவரும் அக்காவைத் தீதி என்றே கூப்பிடுவார். திரும்பி வர நேரமாகும். லீவு நாளில் அத்தான் கேலி செய்வார்: "உங்கக்கா கருவேப்பிலைக்குப் போனா கல்கத்தாவுக்கே போயிட்டு வருவா." நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அக்காவும் சிரிப்பார்.

பிறகு அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. வெகுநாள் அதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அத்தானைப் பார்த்து, காலையில் என்ன சாப்பிடுவார் என்று இந்தியில் கேட்டார். அத்தான் உற்சாகமாகச் சொன்னார்: "ரோட்டி பனாத்தி ஹை சாப், கஞ்சி பனாத்தி ஹை, சட்னி, சப் குச் பனாத்தி ஹை." ரொட்டி செய்வாள், கஞ்சி செய்வாள், சட்னி, எல்லாமே செய்வாள் என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பனாத்தி க்யா ஹை, நஹீ பூச்சா. காத்தி க்யா ஹை?" என்ன செய்வார் என்று கேட்கவில்லை, என்ன சாப்பிடுவார் என்றார். அத்தான் மூத்த மகனைப் பார்த்தார். மகன் மருமகளைப் பார்த்தான். கட்டிலில் படுத்திருந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசி வாரங்களில் வீட்டில்தான் இருந்தார். படுத்த படுக்கையிலும் காலையானால், "அத்தானுக்கு மாவு பெசஞ்சாச்சா?" என்று கேட்பார். அவருக்கு மட்டும் கடையில் வாங்கிய பன்னை டீயில் நனைத்து ஊட்டினார்கள். ஒரு விடியற்காலையில் போய்விட்டார். அன்றைக்கு அத்தான் டீ கேட்டபோதுதான், பாத்திரம் எங்கே இருக்கிறதென்று வீட்டில் யாருக்கும் தெரியாதது தெரிந்தது.

கருமாதியன்று இலை போட்டார்கள். போனவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் அல்லவா? "தேங்கா ரொட்டி" என்றார் அண்ணன். "பூண்டுக் கஞ்சி" என்றாள் கச்சாலிலிருந்து வந்த ஒருத்தி. "அவல்தான்" என்றாள் மருமகள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள். எல்லாம் அவரவருக்குப் பிடித்தது. கடைசியில் ரொட்டியையே நடுவில் வைத்துக் கும்பிட்டார்கள். வாசலில் நின்றிருந்த தீதிக்குப் பொறுக்கவில்லை. என் கையைப் பிடித்து, "ரோட்டி? தும்ஹாரி தீதி ரோட்டி கஹான் காத்தி தீ? ரோஜ் சுபே மேரே யஹான் பைட்கே முரி காத்தி தீ" என்றார்.

உன் அக்கா ரொட்டி எங்கே சாப்பிட்டாள், தினமும் காலையில் என் வீட்டில் உட்கார்ந்து பொரி சாப்பிடுவாள் என்று பொருள். கறிவேப்பிலை பறிக்கப் போனவர் அதற்குத்தான் போயிருக்கிறார். பொரியில் வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ச் சில்லு, உப்பு போட்டு, பச்சைக் கடுகெண்ணெய் ஊற்றிக் குலுக்கித் தருவாராம் தீதி. கூடவே சூடான டீ. "நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரு என்றால் முதலில் கூச்சப்படுவாள். பிறகு அவளே வந்து இழுத்துப் போட்டுக்கொள்வாள்" என்று அழுதுகொண்டே சொன்னார். கடுகெண்ணெய் வாடை அத்தானுக்கு ஆகாது. இந்த வீட்டுக்குள் அந்தப் பாட்டில் நுழைந்ததே இல்லை. ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த வீட்டில் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட முடியாமல், வேலி தாண்டிப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

இந்த ஆண்டுப் படையலுக்குப் பொரி வைக்க வேண்டும் என்று போன மாதமே சொல்லிவிட்டேன். "படையல்ல கடுகெண்ணெயா? சாமிக்கு அடுக்குமா?" என்றார் அத்தான். "சாமிக்கு இல்ல அத்தான், அக்காவுக்கு" என்றேன். "நாலு பேரு வருவாங்க, வங்காளி வீட்டு முரிய வச்சிருக்கோம்னு சிரிப்பாங்க" என்று அண்ணன் குறுக்கே வந்தார். போன வாரம் அத்தானே போன் செய்து சமாதானம் பேசினார்: "சரி வச்சுக்க. ஆனா எலயில வேணாம். ஒரு தட்டுல போட்டு ஓரமா வச்சிருவோம்." ஓரமாக இருந்து அக்காவுக்குப் பழக்கம்தான், நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

நன்றி சொல்லி முடிப்பது முறை. ஆஸ்பத்திரிக்கு வண்டி கொடுத்தவர்களுக்கும், இரத்தம் கொடுத்த டெய்ரி ஃபார்ம் பகுதிப் பிள்ளைகளுக்கும், கடைசி நாளில் தூக்கிச் சுமந்தவர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. இன்றைய ரொட்டிக்கு ஓட்டலில் சொல்லி வைத்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் சுட வரவில்லை. செய்முறை மேலே இருக்கிறது. என் சார்பில் நன்றி தீதி ஒருவருக்குத்தான். அக்காவை உட்காரச் சொன்னவர் அவர்.

இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள் படத்துக்கு முன்னால் இருக்கும் இலையைப் பாருங்கள். காலையில் வந்ததும் பொரியை நடுவில் வைத்திருப்பேன். அது ஓரத்தில் தட்டில் கிடந்தால் யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று பொருள். உங்களில் ஒருவர், அந்த முன்னறையில் படுத்துக் கஞ்சி குடித்த யாராவது ஒருவர், அதை எடுத்து இலையின் நடுவில் வையுங்கள். நீங்கள் அக்காவுக்கு எடுத்து வைக்கும் முதல் நாஷ்டா அதுவாகத்தான் இருக்கும்.

தங்கை,
சிப்பிகாட்