கார் பிடித்த விரதம்

என் கரண்ட் கார் சில சனிக்கிழமைகளில் ஓடாது. ஏனென்று எனக்கு விளங்கவில்லை. வாடகைக்கு ஹயர் ஓடுகிறவனுடைய வாகனம் நிற்கவேணுமென்றால் வீட்டில் நிற்கவேணும், நடுக்கடல் பாலத்தில் அல்ல. கரண்ட் கார் வைத்திருந்து தலையைப் பிய்க்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பாலத்தில் ஒரு பெண்குரல்

சனிக்கிழமை காலமை சுருவிலில் இருந்து ஐயரை ஏற்றிக் குறிகட்டுவானில் கடல் கடக்கிற முதல் போட்டுக்கு விடவேணும். நயினாதீவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அவர் போனால்தான் கதவு திறக்கும். எனக்கு நிரந்தர ஹயர் அது ஒன்றுதான்.

ஒரு சனி, புங்குடுதீவுப் பாலத்தில் கார் படுத்துவிட்டது. முதல்நாள் பின்னேரமே பிளக்கில் போட்டிருந்தேன். ஜப்பானில் பாவித்த கார். திரை முழுக்க அந்த ஊர் எழுத்து. உள்ளே ஒரு பெண் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்னால் வந்த மீன் வியாபாரியின் வானில் ஏற ஐயர் மாட்டேன் என்றார். பஸ் வரும்வரை வெயிலில் நின்றார். ஏறும்போது சொன்னார்:

“அண்ணை, அந்தப் பிள்ளை உள்ளுக்கிருந்து என்னவோ மன்றாடுது. என்னெண்டு கேளுங்கோவன்.”

வயர்காரர்

ஊர்காவற்றுறையில் இருந்து வயரிங் செய்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை வந்தார். பிளக்கைக் கழற்றினார், பூட்டினார். கார் சாதுவாகக் கரண்ட் குடித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வயரை மாற்றினார். அடுத்த மூன்று சனியும் ஒரு குறையுமில்லை. நான்காவது சனி, விடிய எழும்பிப் பார்த்தால் திரையில் கரண்ட் இருபது வீதம். பிளக்கில்தான் கிடந்தது. ஐயர் திரும்பவும் பஸ்ஸில் போனார். போட் போய்விட்டது, பூசை பிந்தியது. வயர்காரரைத் திரும்பவும் பிடித்தேன். அன்றைக்கும் செவ்வாய். கார் திரும்பவும் குடித்தது.

“ஐயா, வயரிலை பிழையில்லை. உங்கட கார் என்னைக் கண்டால்தான் ஒழுங்கா நடக்குது.”

கனடாக்காரர்

காரைநகருக்கு ஏற்றிய ஒருவர், கனடாவில் தன்னிடமும் இதே கார்தான் என்றார். எனக்குச் சந்தோசம். நோயைச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஏசியைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். கரண்ட் இறங்குவதைப் பார்த்துக் குறைத்தேன். திரும்பக் கூட்டச் சொன்னார். அவர் காரைவிட்டு இறங்குமட்டும் இதுதான் நடந்தது. கடைசியில் வைத்தியம் சொன்னார்:

“எங்கட கார் இங்கிலீசிலை கதைக்கும் அண்ணை, அதாலை சொல்லுக் கேக்கும்.”

மனிசியின் கண்டுபிடிப்பு

ஐயர் வீடு தேடி வந்தார். குரல் உயர்த்தவில்லை. இன்னொரு முறை பூசை பிந்தினால் ஓட்டோ பிடிப்பேன் என்றார். நான் நெற்றியைத் தடவிக்கொண்டு கதிரையில் இருந்தேன். குசினிக்குள் இருந்த என் மனிசி எட்டிப் பார்த்தாள். பிழை விடுகிறது எல்லாம் வெள்ளி இரவு போட்ட கரண்ட் என்றாள். யோசித்துப் பார்த்தேன், சரிதான். ஆனால் வெள்ளிக்கிழமை கரண்டுக்கு என்ன? வீட்டுக்கு வெள்ளிக்கிழமையும் கரண்ட் வருகுதுதானே, பல்ப் எரியுதுதானே!

“அது வெள்ளி விரதம் பிடிக்குது. நான் முப்பது வருசமாப் பிடிக்கிறன், அது இப்பதான் தொடங்கியிருக்கு. குழப்பாதேங்கோ.”

முன் சீற்

தெற்கே காலியில் இருந்து நயினாதீவுக்குக் கும்பிட வந்த சிங்களப் பெண் ஒருத்தி, தன் கூட்டத்தின் பஸ்ஸைத் தவறவிட்டு இறங்குதுறையில் நின்றாள். யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினேன். கார் வழக்கம்போல ஏதோ சொன்னது. அவள் சிரித்துவிட்டு அதற்கு மறுமொழி சொன்னாள்! ஓரமாக நிறுத்தினேன். ஜப்பானில் வயதானவர்களைப் பராமரித்தவளாம். திரையை அங்கே தட்டி இங்கே தட்டி வாசித்தாள். எந்த நாளில் கரண்ட் ஏற்றுவது என்று குறிக்க, கிழமையில் ஏழு நாளுக்கும் ஏழு பெட்டி. ஆறில் அடையாளம், ஒன்றில் இல்லை. வெள்ளிக்கிழமை தூர ஹயர் ஓடாத கிழமைகளில் மிச்சக் கரண்டில் சனிக்கிழமை தப்பியிருக்கிறது.

“ஐயா, காருக்கு நோய் வருத்தம் இல்லை. வெள்ளிக்கிழமை சாப்பாடு வேண்டாம் எண்டு முந்தின ஆள் எழுதி வைச்சிருக்கு.”

அடுத்த சனி, போட்காரர் கயிறு அவிழ்க்க முன்னமே ஐயர் ஏறி இருந்துவிட்டார்.

“வாற சனியும் நீங்களே வாங்கோ அண்ணை. அந்தப் பிள்ளை இண்டைக்கு அழேல்லை.”

நான் வயர் மாற்றி, பிளக்கைக் கழற்றிப் பூட்டி, ஐயருக்குத் தெரியாமல் ஒரு தேங்காயும் உடைத்துப் பார்த்த விரதத்தை ஒற்றை விரலால் முடித்து வைத்தவள், காலியில் இருந்து வந்த குசுமாவதி.